டவருக்கு நான் பேசிய இருபது நிமிடம்

அன்று கரட்டுக் குன்றின் மேலே இருந்தவர்கள்: சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் அம்மா. எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். டீத் தூக்குவாளியோடு என் சம்சாரம் சின்னப்பொண்ணு. கீழே காப்பிச்செடிக்குள், கையில் செல்போனோடு நான். என் மானம் போவதைப் பார்க்க இவ்வளவு பேர் போதும்.

தொண்ணூறுகளின் கடைசி. நாகலூர்ப் பக்கம் செல்போன் டவர் வருவதாக இருந்தது. அதற்கு ஒரு வாட்ச்மேன் வேண்டும். ரைட்டர் கையெழுத்துப் போட்டால் வேலை எனக்கு. முட்டி தேய்ந்துபோய் என்னால் நாளெல்லாம் சரிவில் ஏறிக் காப்பிப்பழம் பறிக்க முடியவில்லை. அதோடு, காவலுக்குப் பேச்சு வேண்டியதில்லை. (எனக்குப் பேச வராது.)

அன்றைக்கு அந்த டவருக்குச் சோதனை; மேலே எட்டுக் கம்பிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். போனில் பேசினால், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மெஷின் கண்டுபிடிக்கும். அப்புறம் டவர் அந்தப் பக்கமாகவே காதைக் கொடுக்கும். கம்பி அசையாது. எல்லாம் கணக்குதான்.

"மாரப்பனுங்க. மரத்தடியில நிக்கறனுங்க" என்றேன். பேச்சு தீர்ந்தது.

"அண்ணே, காணாம போயிட்டீங்க!" என்றார் இன்ஜினியர் அம்மா போனில்.

"இங்கதானுங்க இருக்கறேன்."

"பேசினாத்தான் இருக்கீங்கண்ணே. பேசலன்னா போன் சிக்னலைக் குறைச்சுக்கும்."

அவருக்குப் பின்னாலிருந்து சின்னப்பொண்ணு குரல்: "பதினோரு வருசமா நானும் அதத்தானுங்க சொல்றேன்!"

"இருபது நிமிஷம் எதையாவது பேசுங்க. மெஷினுக்குத்தான். யாரும் கேக்க மாட்டோம்" என்றார் அந்த அம்மா.

நம்பினேன். நான் நிறுத்தினால் தெரியவேண்டும் என்று அவர் என் குரலை மேலே ஜீப்பின் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது.

காப்பிச்செடிகளை எண்ணினேன். நூறோடு அலுத்துவிட்டது. வாய் தானாக ஓடியது.

"ரைட்டரு தலைக்கு மை பூசறாருங்க. மழ பேஞ்சா காலர் கறுத்துப்போவுது. யாரும் சொல்றதில்லீங்க. நொம்ப நல்ல மனுசன்."

அப்புறம் வீட்டுக்கதை.

"சின்னப்பொண்ணு கிண்டற களி கல்லாட்டம் இருக்குமுங்க. ஆனா அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா எனக்கு எதுவும் எறங்காது. அவ பேச்சு இல்லாட்டி அது ஊடா? நானு வாசல்லயே உக்காந்திருப்பனுங்க. அவகிட்ட சொன்னதில்ல."

இருபது நிமிடம் முடிந்ததும் மெல்ல மேலே ஏறிப் போனேன். ரைட்டர் தலையில் துண்டு போட்டிருந்தார். (வெயில் இல்லை.) சின்னப்பொண்ணு பேசவே இல்லை. பயந்துவிட்டேன்.

"மெஷின்ல கோடு உங்க பக்கமே நின்னுச்சுண்ணே!" என்றார் இன்ஜினியர் அம்மா. அவர் ஒருவருக்குத்தான் சந்தோஷம்.

ரைட்டர் பேனாவை மூடினார். "இவனுக்குக் கையெழுத்து கெடையாது."

"அப்ப எம் பேருக்குப் போடுங்க சாமி" என்றாள் சின்னப்பொண்ணு. "நானு மையப் பத்திப் பேசமாட்டேன்."

போட்டுவிட்டார்.

டவருக்கு அவள் காவல். வீட்டில் களி என் பொறுப்பு. அதுவும் கல்தான். சாப்பிடும்போது நான் சும்மா இருந்தால் மகள் கத்துவாள்: "அம்மா, அப்பனுக்கு சிக்னல் போச்சு!" நான் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பிப்பேன்.

அன்றைக்குப் பேசினதுபோல் அதற்கப்புறம் எத்தனை தடவை அவளிடம் பேசினேன் என்று சின்னப்பொண்ணு எண்ணி வைத்திருக்கிறாள்.

இரண்டு.