என் சக்கரத்தை நானே தேர்ந்தெடுத்த கதை

இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளையாவது நானாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவது என்று முடிவு செய்தேன். ஓய்வுக்கு இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது. ஆனால் என் மனைவி விஷயத்தில் எதையும் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவது நல்லது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். திரைச்சீலை அவள் தேர்வு. சோபா அவள் தேர்வு. என் மூக்குக்கண்ணாடியும் அவள் தேர்வுதான். கண் மட்டும் என்னுடையது. கடையில் நான் எதையாவது எடுத்து, "இது நல்லா இருக்கே" என்பேன். அவள் அதை ஒரு தடவை பார்ப்பாள். பிறகு என்னை ஒரு தடவை பார்ப்பாள். நானே அதை எடுத்த இடத்தில் வைத்துவிடுவேன். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போட வேண்டுமானால் எனக்கும் ஒரு கட்சி இருக்க வேண்டுமே.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு வருத்தம்தான். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், 'இதை நான் எடுத்தேன்' என்று ஏதாவது ஒன்றைத் தொட்டுச் சொல்ல ஆசைப்படக் கூடாதா? அலுவலகத்தில் பதினாறு பேர் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நான் உட்காரும் நாற்காலியின் நிறம்கூட என்னைக் கேட்டு வந்ததில்லை.

வாய்ப்பு டயர் ரூபத்தில் வந்தது. காரின் நான்கு டயர்களும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. "டயரை மாத்தணும்" என்று மனைவியே சொன்னாள். எந்த டயர் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நான் புகுந்துவிட்டேன்.

டயரோடு சேர்த்துச் சக்கரத்தையும் மாற்றிவிடுவது என் திட்டம். எங்கள் காரோடு வந்தவை பதினைந்து இன்ச் இரும்புச் சக்கரங்கள். மேலே ஆளுக்கொரு பிளாஸ்டிக் மூடி. அதில் ஒரு மூடி எங்கேயோ கழன்று விழுந்து இரண்டு வருடமாகிறது. டயர் கடையில் நான் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தேன். பதினேழு இன்ச் அலாய். கன்னங்கரேலென்ற நிறம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தே ஐந்து தடித்த கைகள். நல்ல அகலம், அதன் மேல் சன்னமான டயர். அதைப் பார்ப்பதற்காகவே ஒரே மாதத்தில் ஏழு தடவை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். வீட்டில், காற்றடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அந்த மாதம் எங்கள் கார் உள்வாங்கிய காற்றை வைத்து ஒரு கப்பலுக்கே டயர் மாட்டியிருக்கலாம்.

என் மனைவியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் தையற்கடை நடத்துகிறாள். எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் இயந்திரம், துணி வெட்டும் நீள மேஜை, கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்து மூட்டை கட்டி, செவ்வாய்க்கிழமைதோறும் காரில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள். தொழிலில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தைத்த உடுப்பைப் போட்டுக் காட்டாமல் யாரையும் வெளியே விடமாட்டாள். போட்டவரை உட்காரச் சொல்வாள், குனியச் சொல்வாள், கையைத் தூக்கச் சொல்வாள். கேட்டால், "நின்னா எல்லாச் சட்டையும் பொருந்தும். உட்கார்ந்தாத்தான் தெரியும்" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் நேராகப் போய்ப் பதினேழு இன்ச் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் யோசனை கேட்டேன். அவர் காரில் பெரிய சக்கரம்தான். அதை மாட்ட அவர் வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினார் என்பது எனக்கு நீண்ட நாள் சந்தேகம்.

அவர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "நீங்க எதைச் சொன்னாலும் உங்க வீட்டுல வேண்டாம்னுதானே சொல்வாங்க?"

"எதைச் சொன்னாலும்."

"அப்போ உங்களுக்கு வேணும்கிறதை வேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாததைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்க. மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாரே என்று வருத்தமாகவும் இருந்தது.

மறுநாளே எட்டாவது தடவையாகக் கடைக்குப் போனேன். மனைவியோடு வரும்போது என்னை முன்பின் தெரியாதவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கனத்த சரீரம், நல்ல மனசு. "கவலையே படாதீங்க சார்" என்றார். அப்போதே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை இருவரும் போய் இறங்கினோம். கடைக்காரர் வாசலுக்கே ஓடிவந்தார்.

"வாங்க சார், வாங்க. நீங்க யாருன்னே எனக்குத் தெரியல."

மனைவி கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே ரப்பர் வாசனை. சுவர் முழுக்கச் சக்கரங்கள். என் கறுப்பழகி நட்ட நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இந்தக் கறுப்பு, பெரிசு, இதெல்லாம் நமக்கு எதுக்கு? வெட்டிப் பகட்டு. பழைய சக்கரமே போதும், டயரை மட்டும் மாத்திக்கலாம். என்ன சொல்றே?"

"நீங்க சொல்றதுதான் சரி" என்றாள் மனைவி.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பத்தொன்பது வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத் தவம் கிடந்திருக்கிறேன். அது வந்து சேர்ந்த நாளைப் பாருங்கள்.

"இல்ல... நீ நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கார் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஆனா, பெரிய சக்கரம்னா பார்வையா இருக்கும்னு சில பேர் சொல்றாங்க."

"சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். நீங்கதான் வேண்டாம்னு தீர்மானமாச் சொல்லிட்டீங்களே."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டயரை மட்டும் மாற்றிவிடும்படி கடைக்காரரிடம் சொல்லத் திரும்பிவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அன்று செய்து முடித்திருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் போனால் ஆசை ஒரேயடியாகப் போய்விடும். டாக்டரின் யோசனையை அங்கேயே உதறினேன்.

"எனக்கு அந்தக் கறுப்புச் சக்கரம்தான் வேணும்" என்றேன். குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது. "ரொம்ப நாளா ஆசை."

மனைவி நின்றாள். "இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லிப் பாத்தாத்தானே தெரியும்?" என்றவள் கடைக்காரரைப் பார்த்தாள். "ஒரு சக்கரத்தை மட்டும் பின்னாடி மாட்டிக் காட்டுங்க. போட்டுப் பாக்காம எதையும் எடுக்கிறதில்ல."

மெக்கானிக் ஜாக்கியைப் போட்டுக் காரைத் தூக்கினார். பழைய சக்கரம் கழன்றது. புதியது ஏறியது. கார் இறங்கி நின்றதும் நான் நாலு அடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் பார்த்தால் நேற்றுவரை ஓடிய கிழட்டுக் கார். இந்தப் பக்கம் பார்த்தால் புது மாப்பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் கலங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "காலியா நின்னா நல்லாத்தான் இருக்கும். எல்லாரும் ஏறுங்க."

நான் ஓட்டுநர் இருக்கையில். பின்னால் மனைவி, மெக்கானிக், கடைக்காரர். கடைக்காரர் ஏறியதுமே கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. கடை வாசலில் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறி இறங்கினேன். பின்னாலிருந்து, நாற்காலியைத் தரையில் இழுப்பது போல் ஒரு சத்தம் வந்தது.

மெக்கானிக் இறங்கி, டார்ச் விளக்கைப் பிடித்துச் சக்கரத்துக்கு மேலே காட்டினார். பளபளவென்று புதிதாக ஒரு கோடு. டயர் காரின் உடம்பில் உரசியிருந்தது.

"அகலம் ஜாஸ்தி சார். பின்னாடி ஆள் ஏத்தாம ஓட்டினா ஒண்ணும் ஆகாது" என்றார்.

பின்னால் ஆள் ஏறாத கார் எங்களுடையது இல்லை. அவளுடைய சீருடை மூட்டைகள் மட்டும் மூன்று ஆள் கனம் இருக்கும். நான் சக்கரத்தைத் தடவிக் கொடுத்தேன். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வரும் தகப்பன் போல திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். பதினாறு இன்ச்சில் இருக்கிறது, இந்தக் காருக்குத் தோதான அகலம், உரசவே உரசாது என்று சொல்லி, உள்ளேயிருந்து மூன்று சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தார். மூன்றும் மூன்று விதம். நான் வழக்கம்போல மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களே எடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். பல வருடப் பாக்கியல்லவா. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். வெயிலில் உருட்டிப் பார்த்தேன். கடைசியில் மூன்றாவதைத் தொட்டேன். அடர்ந்த சாம்பல் நிறம், பத்து மெல்லிய கைகள், விளிம்பில் ஒரு வெள்ளிக் கோடு. நான்கையும் மாட்டி, கடைக்காரரைப் பின்னால் உட்கார வைத்து மேட்டில் ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. மனைவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நல்ல தேர்வு" என்றாள்.

அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. காரை வாசலில் எந்தக் கோணத்தில் நிறுத்தினால் சக்கரம் தெருவுக்கு நன்றாகத் தெரியும் என்று கண்டுபிடித்தேன். பல் டாக்டரை மதிலுக்கு அழைத்து, உங்கள் யோசனை உதவவில்லை, உண்மையைச் சொன்னேன், வென்றேன், நானே எடுத்தேன் என்று விளக்கினேன். இரண்டு முறை விளக்கினேன். மூன்றாவது முறை அவருக்கு நோயாளி வந்துவிட்டார்.

புதுச் சக்கரம் மாட்டினால், நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலையில் மனைவிதான் ஞாபகப்படுத்தினாள். அவளுக்கு வெட்டுகிற வேலை இருந்தது. நான் தனியாகப் போனேன்.

மெக்கானிக் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் கடைக்குள் உலாவினேன். ஒரு மூலையில், நான் வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு பதினாறு இன்ச் சக்கரங்களும் சுவரைப் பார்த்தபடி சாய்ந்து நின்றன. அன்று நான் திருப்பிப் பார்க்காத பின்பக்கத்தில், ஒவ்வொன்றிலும் சின்ன வெள்ளைத் துணித்துண்டு ஒன்று நூலால் கட்டியிருந்தது. ஒன்றில் ஒன்று என்றும், மற்றதில் இரண்டு என்றும் பேனாவில் எழுதியிருந்தது. இந்தத் துணித்துண்டை நான் தினமும் பார்க்கிறேன். ஆள் மாறிவிடாமல் இருக்க, என் மனைவி ஒவ்வொரு சீருடையிலும் கட்டுவது. கையெழுத்தும் அவளுடையதுதான்.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒளிக்கவில்லை.

"அம்மா வந்து மூணு வாரமாச்சு சார். ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டையோட வந்தாங்க. உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி பதினாறுல மூணு எடுத்து வைக்கச் சொன்னாங்க. மூணையும் அளந்து பாத்துத் துண்டைக் கட்டிட்டுப் போனாங்க."

"அப்போ அந்தக் கறுப்புச் சக்கரம்?"

"அதைத்தான் முதல்ல மாட்டச் சொன்னாங்க. ஆசைப்படறார், எப்படியாவது பொருத்திடலாமான்னு கேட்டாங்க. எங்களை எல்லாம் பின்னாடி உட்கார வெச்சு ஓட்டினாங்க. உரசிச்சு. உங்களோட நாங்க உட்கார்ந்தது ரெண்டாவது தடவை சார்."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். நான் சொன்னா நான் வேண்டாம்னதா ஆயிடும், காரே சொல்லட்டும்னாங்க."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பார்த்த சக்கரத்தின் படத்தை அனுப்புவதற்காக முதல் நாளே என்னிடம் நம்பர் வாங்கியிருந்தாராம். அனுப்பியதும் அம்மாதான் பதில் போட்டார்களாம். யார் நம்பர் கேட்டாலும் என் வாயில் மனைவியின் நம்பர்தான் வரும். என்னுடையது எனக்கு இன்றுவரை மனப்பாடமில்லை.

கொஞ்ச நேரம் அந்த இரண்டு சக்கரங்களுக்கும் பக்கத்தில் நின்றேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எனக்காக ஒருத்தி மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு, அந்தக் கறுப்பை மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதை நினைத்தால் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. சரி, போகட்டும், இதைக் கண்டுபிடித்தவன் நான்தானே என்று தேற்றிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் ஒன்றும் தெரியாதவன் போல இருந்துவிடுவது. அவளுக்குத் தெரியாத ஒரே ஒரு விஷயமாவது அந்த வீட்டில் என் வசம் இருக்கட்டும்.

கடைக்காரரைத் தனியே அழைத்துப் போய், "எனக்கு இது தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்கு எந்தக் காலத்திலயும் தெரியக் கூடாது" என்றேன்.

அவர் பாவமாக என்னைப் பார்த்தார்.

"அது வந்து சார்... இன்னிக்கு நீங்க வந்து கேட்பீங்க, கேட்டா மறைக்காம சொல்லிடுங்கன்னு அம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க."