ஜோடியைப் பிரிக்கும் விஞ்ஞானி

எளிமையாகப் புரியவைப்பவர்கள் என்றொரு இனம் நம் நடுவே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மரியாதைக்கு "என்ன வேலைங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, "சிம்பிளா சொல்லணும்னா" என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பம்தான் சிம்பிள். முடிவதற்குள் பந்தி இரண்டு தடவை எழுந்துவிடும்.

கொண்டப்பநாயக்கன்பட்டி கைலாசத்தின் மகன் மோகன்குமார் இந்த இனத்தில் முற்றிய ரகம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், எங்கோ இருக்கும் நட்சத்திரக் கூட்டங்களின் மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கிற மீக்கடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர், கருவி செய்கிறார். அவர் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கருவி இன்னும் தொலைநோக்கியில் ஏறவில்லை. தன் வேலை யாருக்கும் புரியவில்லை என்பது அவருக்குக் குறை. புரியவைத்துவிடலாம் என்று நினைப்பது நோய். நோய் என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? தெரிந்துவிட்டால் இருமல் நின்றுவிடுகிறதா?

தங்கை ஷாலினிக்கு அஸ்தம்பட்டி மண்டபம் ஒன்றில் நிச்சயதார்த்தம். அவளும் மாப்பிள்ளை ரமேஷ்குமாரும் தாங்களாகவே பேசி முடிவெடுத்து, இரண்டு வீட்டாரையும் வழிக்குக் கொண்டுவருவதற்குள் படாத பாடு பட்டிருந்தார்கள். கடைசியாக, அதுவும் அரை மனதாகச் சம்மதித்தவர், மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மா அத்தாயி. அதனால் கைலாசம் காலையிலேயே மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவைத்தார். "யாராச்சும் கேட்டா பெங்களூர்ல வேலைன்னு சொல்லி நிறுத்திக்க சாமி."

மோகன்குமார் சொன்னார். நிறுத்தியும்விட்டார். ஆனால் அத்தாயி, பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு, பெங்களூரில் என்ன வேலை என்று கேட்டுவிட்டார்.

நாற்காலி திரும்பியது.

உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசி, ஏற்காட்டுக் குளிரெல்லாம் அடுப்பு என்று தோன்றுகிற அளவுக்குக் குளிரவைத்தால், அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொள்ளும் என்று விளக்கினார். அத்தாயிக்கு இது பிடித்திருந்தது. நல்ல காரியம்தானே என்றார்.

"அங்கதானுங்க விசயமே. எங்கிருந்தோ ஒரு துளி வெளிச்சம் வந்து அந்த ஜோடியப் பிரிச்சுடும். பிரிஞ்சுச்சான்னு பாக்கறதுதான் என் வேலைங்க."

தாம்பூலத் தட்டைத் தூக்கப் போன அத்தாயியின் கை நின்றுவிட்டது. கைலாசம் கண்ணை மூடிக்கொண்டார். மோகன்குமாருக்குத் தப்பு உறைத்தது. உறைத்தால் வாயை மூட வேண்டாமா? அந்த இனத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. இன்னும் கொஞ்சம் விளக்கினால் சரியாகிவிடும் என்று நம்பினார்.

"பயப்படாதீங்க. பிரிஞ்சது அப்பவே வேற ஜோடி சேத்துக்குமுங்க."

"ஏனுங்க சம்பந்தி," என்று அத்தாயி கைலாசத்தின் பக்கம் திரும்பினார். "தட்டு மாத்தற நேரத்துல இதென்ன பேச்சுங்க?"

கைலாசம் கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்தார். மேடையிலிருந்து ஷாலினிதான், பட்டுப்புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு, இறங்கி வந்தாள்.

"அத்தை, எங்கண்ணன் பத்து வருசமா இதத்தான் பண்றாரு. இன்னைக்கு வரைக்கும் வானத்துல இருந்து ஒரு துளி வெளிச்சம் வரல. ஒரு ஜோடிகூடப் பிரியலீங்க."

அத்தாயி மோகன்குமாரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படிங்களா தம்பி?"

மண்டபமே பார்த்தது. சோதனை விளக்கின் வெளிச்சத்தில் தினமும் கோடிக்கணக்கான ஜோடிகள் பிரிவதும், புதிய படலம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருப்பதும், அதற்காக அவர் தூக்கம் கெட்டதும் தொண்டை வரை வந்து நின்றன. ஒரு திருத்தம்தான். இரண்டே வாக்கியம். ஷாலினியின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கி, கலக்கம் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க," என்றார். "ஒன்னுகூடப் பிரியல."

தம் ஆராய்ச்சியின் முடிவை அவர் ஒரு சபையில் அறிவித்தது அதுதான் முதல் தடவை. பலத்த வரவேற்பு. தட்டு மாறியது. பந்தியில் அத்தாயியே அவர் இலையில் இன்னொரு ஜிலேபியை வைத்து, வருத்தப்பட வேண்டாம், அதுகள் பிரியாமல் இருப்பதுதான் நல்லது, அப்படியே விட்டுவிடுங்கள் என்று ஆறுதல் சொன்னார். மோகன்குமார் தலையாட்டிக்கொண்டே தின்றார். இனித்தது, விழுங்கத்தான் கஷ்டமாக இருந்தது.

சிரித்தாயிற்றா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவரும்போதே, "அந்த இடத்தில் நானாக இருந்தால் வேறு உதாரணம் சொல்லிப் பக்குவமாகப் புரியவைத்திருப்பேன்" என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்த்தீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். வரும் முகூர்த்தத்தில் உங்கள் வீட்டார் உங்களைச் சம்பந்தி வீட்டாருக்கு எட்டாத மூலையாகப் பார்த்து உட்காரவைத்தால், அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.