இருபது குண்டும் ஓர் அழுகையும்

போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் நன்றாகச் சுடத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை நாட்டுக்கு நல்லது. நான் அதைக் கெடுத்ததாக இருக்க வேண்டாம்.

நான் போலீஸ் இன்ஸ்பெக்டர். எங்கள் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் பார்க்கிறேன். எனக்கென்று ஒதுக்கிய கைத்துப்பாக்கி ஆயுத அறையில் இருக்கிறது. நான் அதைத் தொந்தரவு செய்வதில்லை, அதுவும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் நாங்கள் இருவரும் சந்தித்தாக வேண்டும். அது சுடும் தேர்வு நாள். இருபது குண்டு சுட வேண்டும். அதில் குறைந்தது பன்னிரண்டு, தாளில் அச்சடித்திருக்கும் மனிதனின் நெஞ்சில் பட வேண்டும். வழக்கமாக எனக்குப் பதின்மூன்று படும். (மிச்சம் ஏழு எங்கே போகிறது என்று நான் விசாரித்ததில்லை.)

ஆனால் அந்த வருடம் பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மகள் தாராவுக்கு ஏழு மாதம். இயல்பிலேயே நான், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க லிஃப்டில் இறங்கியவுடன் மறுபடி ஏறுகிறவள். பிள்ளை பிறந்த பிறகு அது முற்றிவிட்டது. அவள் தூங்கினால் ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று பயம். எழுந்தால் ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்தாள் என்று பயம்.

தேர்வு அறிவிப்பின் கடைசி வரியில் ஒரு செய்தி இருந்தது. தேறாதவர்கள் வேறொரு மாநிலத்தில் பத்து நாள் மறுபயிற்சிக்குப் போக வேண்டும். அங்கேயே தங்க வேண்டும்.

தாரா புட்டிப்பால் குடிக்க மாட்டாள். கடையில் இருந்த எல்லா வகை ரப்பர் காம்பையும் வாங்கிப் பார்த்துவிட்டோம். வாயில் வைப்பாள், ஒரு கணம் யோசிப்பாள், பிறகு பொய்ச் சாட்சி சொன்னவனை நீதிபதி பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பாள்.

என் கணவர் சுரேஷ் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அறிவிப்பை இரண்டு முறை படித்தார்.

"பத்து நாளா? நானும் பிள்ளையும் உன் கேம்ப் வாசல்ல கூடாரம் போட்டுத்தான் படுக்கணும்."

"ஃபெயில் ஆனாதானே."

"போன வருஷம் எத்தன பட்டுச்சு?"

"பதிமூணு."

"ம். அப்போ பிள்ள இல்ல," என்றார். அது ஆறுதலா, எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வீட்டில் பயிற்சி எடுத்தேன். தலைமுடி உலர்த்தும் கருவியை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்க் காலண்டரைக் குறிபார்த்தேன். இடது கண்ணை மூடினேன். மூட வேண்டியது இடதா வலதா என்று சந்தேகம் வந்தது. இணையத்தில் தேடினேன். இரண்டு கண்ணையும் திறந்துவை என்றார் ஒருவர். முதலில் உன் வலுவான கண் எது என்று கண்டுபிடி என்றார் இன்னொருவர். கண்டுபிடித்தேன். காலையில் வலது கண் வந்தது, சாயங்காலம் இடது கண் வந்தது. காலண்டருக்கு எதுவும் ஆகவில்லை.

தேர்வு நாளன்று சுரேஷ் லீவு எடுத்தார். பால் எடுத்துவைத்திருந்தேன், கரண்டியால் ஊட்டுவதாகத் திட்டம். நிபோங் திபாலுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்தச் சுடுதளம். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று முறை போன் செய்தேன். "வாணி, ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார் சுரேஷ். நான்காவது முறை எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் எல்லார் கைபேசியையும் ஒரு பெட்டியில் வாங்கிப் பூட்டிவிட்டார்கள்.

பயிற்சியாளர் எஸ்ஐ தேவராஜ். பதவியில் எனக்குக் கீழே, சுடுவதில் வானத்துக்கு மேலே. இதனால் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. என்னைத் திட்டவும் வேண்டும், ஒவ்வொரு திட்டுக்கும் 'புவான்' என்ற மலாய் மரியாதைச் சொல்லும் சேர்க்க வேண்டும்.

காது மறைப்பை மாட்டும் முன், ஆயத்த நிலையில் நின்றோம். கால் அகலம், முழங்கை நேர், பார்வை முன்னால். தேவராஜ் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"புவான், ஏன் ஆடுறீங்க?"

"நான் ஆடலையே அண்ணே."

"ரேஞ்சுல அண்ணன் கிடையாது புவான். நீங்க ஆடலன்னா அப்போ நிபோங் திபால்தான் ஆடுது."

பக்கத்துத் தடத்தில் நின்றவர் கோப்ரல் ஜமிலா. என் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். "எஸ்ஐ, அவங்க பிள்ளையத் தூங்க வைக்கிறாங்க லா," என்றார். "கட்டை விரலப் பாருங்க. துப்பாக்கியத் தட்டிக் குடுக்குது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். இடுப்பு இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது, விரல் துப்பாக்கியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக நின்றாலே ஆடுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வங்கி வரிசையில் ஆடியிருக்கிறேன். தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். (அருள் வந்துவிட்டது என்று முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஏன் வழிவிடுகிறார்கள் என்று குழம்பிக்கொண்டே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.)

தேர்வுக்கு முன் பழகுவதற்காக ஐந்து குண்டு. காது மறைப்பை மாட்டினோம். சுடச் சொன்னார்கள். சுட்டேன். ஐந்தாவது குண்டு போனதும் எல்லாம் அடங்கி அமைதியானது. அந்த அமைதிக்குள் எங்கிருந்தோ மெல்லியதாக ஒரு பிள்ளை அழுதது.

திரும்பினேன்.

சுடுதளத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான், அது திரும்புவது. நான் திரும்பியபோது என் கையும் திரும்பியது, கையில் இருந்ததும் திரும்பியது. குண்டு தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பின்னால் நின்றவர்கள் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கவில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் தரையில் படுத்தார்கள். (நம் காவல்துறையின் பயிற்சி வீண்போகவில்லை.) தளத்தின் பொறுப்பதிகாரி பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரோடு படுத்தார். எழும்போது தேநீர் முழுவதும் அவர் சட்டையில் இருந்தது.

தேவராஜ் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தியிருந்தார்.

"புவான். புவான். புவான்," என்றார். மூன்றும் மூன்று பொருள்.

"பிள்ள அழுதுச்சு எஸ்ஐ."

"எந்தப் பிள்ள புவான்? சுத்தி செம்பனைதான் இருக்கு."

உண்மையில் பிள்ளையே இல்லை. அழுகையும் இல்லை. என் காதுக்குள் நானே அழவைத்திருக்கிறேன். பொறுப்பதிகாரி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டு மிகவும் நிதானமாகச் சொன்னார்: இவர் கடைசியாகச் சுடட்டும், தனியாகச் சுடட்டும், அப்போது மற்ற எல்லாரும் லாரிக்குப் பின்னால் நிற்கட்டும்.

தாள்களைக் கொண்டுவந்தார்கள். என் தாளில் ஓர் ஓட்டை, அதுவும் மனிதனுக்கு வெளியே. ஜமிலா அக்காவின் தாளில் ஏழு ஓட்டை. அவர் சுட்டது ஐந்துதான்.

"புவான், எனக்கு உதவி பண்ணது போதும்," என்றார் அவர். "நான் தனியாவே பாஸ் ஆயிக்கிறேன்."

மற்றவர்கள் தேர்வு முடிக்கும்வரை தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாளை மணிக்கணக்காக மாற்றினேன், பிறகு எத்தனை வேளைப் பால் என்று மாற்றினேன். இதற்குள் ஜமிலா அக்கா தேறிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்தார். யாரும் பக்கத்தில் இல்லாததால் 'புவான்' போய்விட்டது.

"சாப்பிடுங்கமா. பசியில இன்னும் கொஞ்சம் ஆடுவீங்க."

"ஆடாம எப்படி நிக்கிறதுன்னே மறந்துபோச்சுக்கா."

"அதெப்படி மறக்கும்? பிள்ளையத் தூங்க வச்சு கட்டில்ல போட்டுட்டு, அடியிலேருந்து கைய உருவுவீங்கல்ல. அப்போ ஆடுவீங்களா?"

"மூச்சே விட மாட்டேன்."

"அப்புறம் என்ன? அதே மாதிரி விசைய இழுங்க. ஆனா ஒண்ணு, உங்க பிள்ளகிட்டேருந்து உருவுங்க. என் தாளுக்கு வராதீங்க."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த நாளில் புரிந்த ஒரே விஷயம் அதுதான். எந்தக் கண், எந்தக் கால் என்ற குழப்பமெல்லாம் ஓரமாகப் போய்விட்டது. கையை உருவுவது எனக்குத் தெரியும். அதில் நான் மாநில அளவில் போட்டியிடக்கூடியவள்.

என் முறை வந்தது. தளத்தில் நானும் தேவராஜும் மட்டும். அவர்கூட வழக்கத்தைவிட ஓரடி தள்ளி நின்றார். காது மறைப்பை மாட்டினேன். தாள் மனிதனின் நெஞ்சுக்கு அடியில் என் கை மாட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். மூச்சை நிறுத்தினேன். மெதுவாக, மிக மெதுவாக உருவினேன். வெடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவது குண்டுக்கு முன் பிள்ளை அழுதது.

இந்த முறை நான் ஏமாறுவதாக இல்லை. இது நிஜமில்லை வாணி, சுற்றிச் செம்பனைதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். சுட்டேன். அழுகை பெரிதானது. நிஜமாக இருந்தால்? இருக்காது. இருந்தால்? எட்டாவது குண்டையும் சுட்டேன். பன்னிரண்டாவது குண்டின்போது அழுகையில் விக்கல் சேர்ந்தது. பிறகு மூன்று சின்ன அழுகை, ஓர் இடைவெளி, ஒரு நீளமான அழுகை என்று வந்தது. அது தாராவுக்கே உரிய முறை. என் கற்பனை இவ்வளவு நுணுக்கமானதா என்று வியந்தேன். குண்டு துளைக்காத உடுப்புக்குள்ளே மார்பு நனைந்தது. அந்த ஈரம் என்ன என்று எந்தத் தாய்க்கும் தெரியும். நான் அதை வியர்வை என்று முடிவு செய்தேன். வெயில் அப்படி. இருபதையும் சுட்டுமுடித்தேன்.

துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டுக் காது மறைப்பைக் கழற்றினேன். அழுகை இன்னும் தெளிவாகக் கேட்டது.

"எஸ்ஐ, இப்பவும் கேக்குது," என்றேன் பெருமையாக. "ஆனா நான் திரும்பல, பாத்தீங்களா."

தேவராஜ் தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். "புவான், அது நெசமாவே அழுவுது."

திரும்பினேன். காவல் கொட்டகைக்குப் பக்கத்தில் சுரேஷ், அவர் தோளில் முகம் சிவந்துபோய்த் தாரா. அவர்களைச் சுற்றி லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டிய பத்துப் போலீஸ்காரர்கள். ஒருவர் விசில் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் தொப்பியால் விசிறினார். தேநீர்ச் சட்டையோடு பொறுப்பதிகாரி தன் கார்ச் சாவியை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஓடினேன்.

"எப்ப வந்தீங்க?"

"நீ சுட ஆரம்பிச்சப்பவே. கரண்டியையும் துப்பிட்டா. போன் அடிச்சேன், நீ எடுக்கல. பாலம் பூரா தூங்கினா, காடி நின்னதும் ஆரம்பிச்சிட்டா."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."

"குடுக்க வந்தேன். இவங்க எல்லாரும் என் வாயப் பொத்தாத குறை."

பின்னாலேயே வந்த தேவராஜ் சொன்னார்: "நாங்கதான் வேணாம்னோம் புவான். சொன்னா நீங்க திரும்பிடுவீங்க."

காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டு தாராவுக்குப் பால் கொடுத்தேன். அவள் குடித்தபடி இடையிடையே விக்கினாள். ஒவ்வொரு விக்கலும் என்னைக் கேள்வி கேட்டது. இவளை விட்டுப் பிரியாமல் இருக்கத்தான் சுட்டேன். இவள் அழுதும் திரும்பாததால்தான் சுட முடிந்தது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

காருக்குப் பத்தடி தள்ளி ஒரு செருமல் கேட்டது. தேவராஜ் எங்களுக்கு முதுகைக் காட்டி, விறைப்பாக நின்று, என் தாளைப் பிடித்துக்கொண்டு செம்பனை மரங்களிடம் அறிக்கை வாசித்தார்.

"புவான். பதினாறு."

"பாஸா?"

"பாஸ் புவான்."

"சரியா எண்ணுனீங்களா? ஜமிலா அக்காவோடது ஏதும் சேர்ந்திருக்குமா?"

"நீங்க தனியாத்தான் சுட்டீங்க புவான்," என்றார் மரங்களைப் பார்த்தபடியே.

தாராவுக்கு இப்போது நான்கு வயது. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் சுரேஷ் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். தூங்கப் போகும்போது தாராவும் இதைத்தான் கேட்பாள். பாதகமில்லை என்றுதான் இருந்தேன், போன மாதம் பாலர் பள்ளி ஆசிரியை என்னை வரச் சொல்லும்வரை. கதவைச் சாத்திவிட்டு, மிகவும் மெதுவான குரலில், வீட்டில் எல்லாம் நலமா என்று கேட்டார். பெற்றோரின் தொழிலைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்களாம். தாரா எழுந்து நின்று சொன்னாளாம்: "நான் அழுதேன். எங்கம்மா சுட்டாங்க. நான் அழுதுகிட்டே இருந்தேன். அவங்க சுட்டுகிட்டே இருந்தாங்க."

நான் முதலிலிருந்து விளக்கினேன். புட்டி, ஆட்டம், காது மறைப்பு, கையை உருவுவது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆசிரியையின் முகம் வெளிறிக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் சுரேஷைக் கைபேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"ஆமா டீச்சர், பிள்ள சொன்னது உண்மைதான்," என்றார் சுரேஷ். "மொத்தம் இருபது. பதினாறு பட்டுச்சு."