மாமனாருக்கு வந்த மூன்று செய்திகள்

கார்த்திகேசன் அன்று காலை தன் மாமனாரை நோயாளியாக்கினான்.

வேறு வழியில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு ஆஸ்பத்திரிக் கணினிக்குப் போய், அங்கிருந்து நோயாளியின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகவேண்டும். அந்த இணைப்பைச் செய்து தருவது அம்பத்தூரில் அவன் கம்பெனியின் வேலை, மறுநாள் தொடக்கம். ஒத்திகைக்கு நிஜ ஆட்களின் போன் நம்பர் தேவைப்பட்டது. தனக்கு டெங்கு, மனைவி மைதிலிக்கு மலேரியா என்று போன வாரமே கொடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்தவர் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் மாமனார் லட்சுமணன்தான். பெரிய மனசு பண்ணி, சர்க்கரை நூறு என்று ஆரோக்கியமாகவே அனுப்பினான்.

பத்தாவது நிமிஷம் மாமியார் சாவித்திரி போனில் வந்தாள்.

“மாப்ளே, மாமா போனுக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து மெசேஜ் வந்துகீது. சக்கர நானூறாம். படிச்சுக் காமிச்சேன், மூஞ்சி வெளுத்துப் போய் ஒக்காந்துகினுகீறாரு.”

கார்த்திகேசன் கணக்குப் போட்டான். நூறு நானூறானால் நாளைக்கு ஊரில் பாதிப் பேருக்கு வியாதி. நானூறு நூறானால் உயிரே போகும். வேலை போவது அதற்கப்புறம்.

“அத்தே, அது சும்மா ஒத்திகைக்கு அனுப்பினது. மாமாகிட்ட சொல்லுங்க.”

“கேக்க மாட்டாரு மாப்ளே. நீங்க மறைக்கிறீங்கன்னுவாரு.”

ஃபாக்டரியில் ராணுவ வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் மனிதர் லட்சுமணன். ஊசியைக் கண்டால் மட்டும் “எனக்கு ஒண்ணுமில்ல” என்று எழுந்து போய்விடுவார். அவரை இப்படிப் பயமுறுத்திவிட்டோமே என்று நொந்துகொண்டே, புரோகிராமில் எங்கோ ஒரு வரியை மாற்றி மறுபடி நூறு அனுப்பினான்.

“இப்ப நானூத்தம்பதாம் மாப்ளே. ஏறிக்கினே போவுது.”

பதறிப்போய், முந்தைய முடிவு ரத்து என்று மூன்றாவது செய்தியைத் தட்டினான்.

“ஒடனே கெளம்பி வான்னு வந்துகீது. மனுஷன் அவரே ஆட்டோ புடிச்சிட்டாரு.”

“நாளைக்கு ஆரம்பிக்கலாம்ல?” என்று மேனேஜர் தினகரன் கேட்டது காதில் விழாத மாதிரி கார்த்திகேசன் பைக்கை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் சாவித்திரி பக்கத்தில் நிற்க, லட்சுமணன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நர்ஸ் ரோஷினி தாளோடு வந்தாள்.

“முன்னூத்தி எண்பது சார். இப்பவாச்சும் வந்தீங்களே. கண்ணையும் கிட்னியையும் காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்றாரு.”

லட்சுமணன் எழுந்து மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, ஒங்க கம்ப்யூட்டரு என் உசுரக் காப்பாத்திச்சு. நல்லா இருக்கணும் நீங்க.”

கார்த்திகேசனுக்குத் தன் பிழைக்கே கோயில் கட்டலாம் போலிருந்தது. ஆனாலும் நாளைக்குள் அதைத் திருத்தியாகவேண்டுமே. மாமியாரைத் தனியாக அழைத்து, போனை வாங்கிப் பார்த்தான்.

சர்க்கரை 100, இயல்பு நிலை. சர்க்கரை 100, இயல்பு நிலை. முந்தைய முடிவு ரத்து.

ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

“அத்தே,” என்றான் மெதுவாக, “இதுல நூறுன்னுதானே இருக்கு?”

சாவித்திரி போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு நல்லாவே படிக்க வரும் மாப்ளே. அவருக்குத்தான் ஆறு மாசமா எழுத்து கண்ணுக்குத் தெரியல.”