தென்மேற்கு நாற்காலி

இடது, வலது என்ற இரண்டு சொற்களையும் தமிழை விட்டே துரத்துவதற்கென்று பிறவி எடுத்தவர் திருச்சியில் ஒருவர் இருந்தார் என்றால் அது வடக்கு மிஸ்தான். அவருக்கு ஒரு நிஜப் பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பள்ளி வாட்ச்மேனுக்கும் அவர் வடக்கு மிஸ். என் போனில் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் இருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு மாற்றல் வந்து, சென்னையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்தோம். அவள் ஆபீஸ் பாலக்கரையில். அதனால் மகள் யாழினியையும் அங்கேயே ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்பதால், அவளைத் தினமும் ஸ்கூட்டரில் காவிரியைத் தாண்டிக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது என் வேலை.

யாழினிக்கு ஊர் ஒட்டவில்லை. அழுது புரண்டிருந்தால்கூடச் சமாளித்திருப்போம். அவளோ மரியாதையாக விருந்தாளி ஆகிவிட்டாள். "உங்க வீட்டுல ஃபேன் சத்தம் போடுது," என்பாள். "உங்க வீட்டு மாடிக்குக் குரங்கு வந்திருக்கு," என்பாள். எட்டு வயசுப் பெண் சொந்த வீட்டில் இன்னொரு தோசை கேட்கத் தயங்கினால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

இந்த நிலையில்தான் முதல் பெற்றோர் கூட்டம். யாழினியின் வகுப்பு டீச்சர் வடக்கு மிஸ்தான், நாற்பது வயதிருக்கும். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு திசைகாட்டியும் நாலு சாக்பீஸும் இருக்கும். "வாங்க சார், அந்தத் தென்மேற்கு நாற்காலில உட்காருங்க," என்றார். அறையில் நான்கு நாற்காலிகள். நான் கூரையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், குத்துமதிப்பாக ஒன்றில் உட்கார்ந்தேன்.

"அது என்னோடது சார். பரவாயில்ல, போகப் போக வந்துடும்," என்றார். மகளுக்கு அட்மிஷன் வாங்கப் போய் எனக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது.

அவருடைய கொள்கை எளிமையானது. மேப்பைப் பள்ளியில் காட்டலாம், ஆனால் பூகோளம் வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே முதல் ஹோம்வொர்க் பெற்றோருக்கு. சூரியன் உதிக்கும் பக்கத்தைப் பார்த்து, கூடத்துத் தரையில் சாக்பீஸால் நான்கு திசையும் வரைய வேண்டும். ஒரு வாரம் வீட்டில் யாரும் இடது, வலது என்று சொல்லக் கூடாது. இதை அவர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரு அப்பா, "மிஸ், எங்க சமையலறை வடமேற்குல வருது, குடும்பத்துக்கு ஏதாவது தோஷமா?" என்று கேட்டுவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஆறேழு பேர் பூஜையறை, கட்டில், பீரோ என்று வரிசையாகச் சந்தேகம் கேட்டார்கள். வடக்கு மிஸ் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டார்: "திசையை மட்டும் சரியா வரைங்க. பீரோ உங்க இஷ்டம்."

எங்கள் வீட்டிலும் சட்டம் அமலுக்கு வந்தது. உப்பு கிழக்கு அலமாரிக்குப் போயிற்று. தோசை தெற்கு ஓரத்தில் கருகியது. ஒருநாள் ஸ்கூட்டர் பஞ்சராகி ஆட்டோவில் வந்தோம். மெடிக்கல் கடை வந்ததும் யாழினி, "அண்ணா, மேற்கே திரும்புங்க," என்றாள். லெஃப்ட்டா, ரைட்டா என்று அவர் கேட்டார். அதெல்லாம் சொன்னால் மிஸ் திட்டுவார்கள் என்றாள் இவள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, தலையை வெளியே நீட்டிச் சூரியனைப் பார்த்து, பிறகு சரியாகத் திரும்பினார். "வடக்கு மிஸ் கிளாஸாம்மா? எம்பையனும் அவங்ககிட்டதான் படிச்சான்," என்றார்.

அடுத்தது, வீட்டுக் காய்கறி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரித்து மேப்பில் குறிக்க வேண்டும். காந்தி மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் நோட்டும் பேனாவுமாக நின்று, வெங்காயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து எனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்து, பில் புத்தகத்தையே எடுத்து நீட்டிவிட்டார். மூன்றாம் வகுப்பு ஹோம்வொர்க் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. சின்ன வெங்காயம் பெரம்பலூர் என்பதை அந்த மூச்சில்தான் சொன்னார்.

இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்த எனக்கு ஒருநாள் மிஸ் மீது கோபம் வந்தது. 'என் வீடு' என்று படம் வரையச் சொல்லியிருந்தார். யாழினி சென்னை ஃப்ளாட்டை வரைந்திருந்தாள், லிஃப்ட், துணி காயும் பால்கனி எல்லாவற்றோடும். இந்த வீட்டை வரையம்மா என்றேன். "மிஸ் என் வீட்டைத்தானே வரையச் சொன்னாங்க," என்றாள். மிஸ்ஸாவது திருத்துவார் என்று பார்த்தால், அவர் அவள் உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்து, "உன் வீடு வடகிழக்கே இருக்கு," என்று காட்டி அனுப்பியிருக்கிறார். அன்று மாலையே யாழினி சாப்பாட்டு மேஜையிலிருந்து தன் நாற்காலியை இழுத்து வடகிழக்கைப் பார்த்துப் போட்டாள். அந்தப் பக்கம் பார்த்தால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் தெரியும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி சாப்பிட்டாள். ஒரு மாதம் இது நடந்தது. ஆறுகிற புண்ணை இந்த அம்மாள் கிளறிவிட்டாரே என்று மனதுக்குள் பொருமினேன்.

பொருமல் வெடித்தது அரை மார்க்கில். வகுப்புத் தேர்வில் 'தீவு என்றால் என்ன? எடுத்துக்காட்டுத் தருக' என்று ஒரு கேள்வி. நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பதில்: நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு, எடுத்துக்காட்டு இலங்கை. மிஸ் அரை மார்க் குறைத்து, ஓரத்தில் 'சரி, ஆனால் ரொம்ப தூரம்' என்று எழுதியிருந்தார். நேரே பள்ளிக்குப் போய்விட்டேன். இலங்கை தீவு இல்லையா என்று கேட்டேன்.

"தீவுதான். நீங்க காலைல எப்படி சார் வந்தீங்க?"

"பாலத்து மேலதான்."

"பாலம் எதுக்கு இருக்கு?"

"கீழ காவிரி ஓடுதே."

"உங்க வீட்டுலேருந்து வடக்கே போனா?"

"கொள்ளிடம்."

"மேற்கே முக்கொம்புல ஒரே ஆறு ரெண்டாப் பிரியுது. கிழக்கே கல்லணைகிட்ட ரெண்டும் நெருங்கி வருது. நடுவுல யார் சார் குடியிருக்கா?"

தினம் இரண்டு முறை தீவை விட்டு வெளியே வந்து திரும்பத் தீவுக்குள் போகிறவன், தீவுக்கு உதாரணம் தேடிக் கடல் தாண்டிப் போயிருக்கிறேன். வகுப்பில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். ஒன்பது பேர் வீட்டிலும் இலங்கைதானாம்.

அரை மார்க்கை அவர் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாழினியைத் தீவின் இரண்டு கரைக்கும் கூட்டிப்போய்க் கால் நனைத்து வரச் சொன்னார். "அவளுக்கு விட்டுட்டு வந்த வீடு எந்தப் பக்கம்னு தெரிஞ்சாச்சு சார். அது தெரியாமத்தான் தவிச்சா. இனிமேதான் இருக்கிற வீட்டைப் பார்ப்பா," என்றார். அவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

காலையில் காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் யாழினி கால் நனைத்தாள். அங்கிருந்து நேரே வடக்கே போனோம். கொள்ளிடத்தில் பார்த்த இடமெல்லாம் மணல். யாழினிக்கு முகம் விழுந்துவிட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் தீவு இல்லையே என்றாள். தூரத்தில் வெள்ளிக் கம்பி போல ஒரு ஓட்டம் தெரிந்தது. அதுவரைக்கும் போயாக வேண்டும் என்று மணலில் நடக்க ஆரம்பித்தாள். நான் அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். கணுக்காலுக்கு எட்டாத தண்ணீர்தான். அதில் இரண்டு காலையும் வைத்து நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ராஜகோபுரம் தெரிந்தது.

"அப்பா, நம்ம வீட்டைச் சுத்தித் தண்ணி இருக்குப்பா," என்றாள்.

அவள் சொன்னது காதில் விழாத மாதிரி நான் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். இல்லாத மணலையும் வெகுநேரம் தட்டினேன்.

அன்று அவள் வரைந்த மேப்பில் இரண்டு ஆறு, ஒரு கோபுரம், ஒரு குரங்கு, நடுவில் சின்னச் சதுரமாக எங்கள் வீடு. மிஸ் அதன் மேல் சிவப்பு மையில் அரை மார்க் போட்டுக் கொடுத்தார். நாற்காலி தானாக மேஜைக்குத் திரும்பி வந்தது. அந்த மேப் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

போன மாதம் வடக்கு மிஸ்ஸின் கணவருக்குத் தேனிக்கு மாற்றல் ஆகிவிட்டது. மிஸ்ஸும் போய்விட்டார். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். யாழினி தமிழ்நாடு மேப்பை விரித்து, தரையில் நாங்கள் இன்னும் அழியவிடாமல் வைத்திருக்கும் சாக்பீஸ் கோட்டைப் பார்த்து, தன் நாற்காலியை இழுத்துத் தென்மேற்கைப் பார்த்துப் போட்டாள். அந்தப் பக்கம் பார்த்தால் பாத்திரம் தேய்க்கும் தொட்டிதான் தெரியும்.

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. என் நாற்காலியையும் திருப்பி அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.