வாசமில்லாக் கருவாடு

உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறவன் முதலில் பஸ்ஸில் தன் பையை எங்கே வைக்கிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஞானம் எனக்கு இருபத்தெட்டு வயதில், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, ஒரு பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் கிடைத்தது.

சுனாமி வந்துபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. கடலூரில் அப்போது டீக்கடையைவிட டிரஸ்ட் ஜாஸ்தி. தேவனாம்பட்டினத்து மணலில் தினம் ஒரு வெள்ளை ஜீப் சிக்கிக்கொள்ளும். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து தள்ளிவிடுவார்கள். (யார் யாருக்கு உதவி செய்தார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் உண்டு.) அப்படிப்பட்ட ஒரு சின்ன டிரஸ்டில் நான் திட்ட ஒருங்கிணைப்பாளர். அலுவலகத்தில் நான் ஒருங்கிணைக்க வேண்டியிருந்தவை ஒரு மேசை, ஒரு ஸ்டேப்ளர், அப்புறம் நான்.

சமூகத் தொழில்முனைவு பற்றி மூன்று நாள் பயிற்சிக்காக என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரு சான்றிதழ், 'பொறுப்பேற்போம்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த ஒரு சணல் பை, 'மதிப்புக்கூட்டல்' என்று ஒரு வார்த்தை, இவ்வளவோடு திரும்பினேன். நல்ல வார்த்தை. சொல்லும்போதே சம்பளம் கூடினமாதிரி இருக்கும்.

தேவனாம்பட்டினத்தில் கருவாடு விற்கும் பதினாலு பெண்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். தலைவி அஞ்சலை அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவர் வாயைத் திறந்தால் கடல்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். முதல் கூட்டத்திலேயே, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, மக்களின் தேவையைக் கேட்டேன்.

"ஒரு வண்டி வேணும் தம்பி," என்றார் அக்கா. "கூடையோட நின்னா எந்த பஸ்சும் நிக்க மாட்டேங்குது. தப்பித் தவறி ஏறிட்டாலும் நாத்தம் அடிக்குதுன்னு நடுவழியில எறக்கி வுட்டுடறானுங்க. சிதம்பரம் சந்தைக்கு நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள வாங்கறவங்க சாப்புட்டுட்டுப் படுத்துடறாங்க."

'போக்குவரத்து: பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். வண்டி வாங்கிக் கொடுப்பதெல்லாம் பழைய காலத்துத் தர்மம். நான் செய்ய வந்தது தொழில்முனைவு. நாற்றம்தானே பிரச்சினை? நாற்றத்தையே எடுத்துவிட்டால்? அங்கேயே, அந்த மணலிலேயே, 'வாசமில்லாக் கருவாடு' பிறந்தது.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "வாசன இல்லாட்டி அது கருவாடா தம்பி, காஞ்ச எலையா?"

பின்னால் இருந்து ஒரு குரல், "வுட்டா மல்லியப்பூவுலயும் வாசனைய எடுத்துடுவாரு போலக்குது."

பதினாலு பேரும் சிரித்தார்கள். மாற்றத்துக்கு ஆரம்பத்தில் எதிர்ப்பு இருக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால் நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

மூன்று மாதம் உழைத்தோம். உயரமாக வலை கட்டிக் காயவைத்தோம், மூன்று தண்ணீரில் அலசினோம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: வாசனை போகவில்லை. பாலிதீன் கவருக்குள் அதைச் சிறைவைத்திருந்தோம், அவ்வளவுதான். அந்தச் சிறைக்கும் பூட்டு சரியில்லை. கவரை ஒட்டும் மெஷின் இருந்தது, கரண்ட்தான் இல்லை. ஒரு மெழுகுவத்தியையும் ஒடிந்த ஹேக்ஸா பிளேடையும் வைத்து இருபத்தைந்து பாக்கெட்டை நானே என் கையால் ஒட்டினேன்.

அந்த இருபத்தைந்தும் சிதம்பரத்துக்குப் போக வேண்டும். அங்கே தெற்கு வீதியில் பெயின்ட் கடை வைத்திருந்தார் காதர் பாய். மலேசியாவில் பல வருஷம் உழைத்துத் திரும்பியவர். வருஷத்துக்கு ஒரு நல்ல காரியத்தைத் தேடிப் பிடித்து உதவுவார். எங்கள் டிரஸ்டுக்கு வெளிநாட்டு உதவி அந்த மாதத்தோடு நிற்கப்போகிறது. பாய் 'சரி' என்றால் பதினாலு பேரின் தொழிலும் தலைநிமிரும். 'இல்லை' என்றால் பாக்கெட் போடுவதற்காகக் கட்டியிருந்த கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான். (நான் மாமாவின் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.)

பெண்கள் சார்பில் அஞ்சலை அக்காவையும் அழைத்துப்போனேன். கூடை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். புதுச் சேலை கட்டி வந்திருந்தார். கைகாட்டியதும் பஸ் நின்றது.

"பாத்தீங்களாக்கா? பாக்கெட்டுன்னா நிக்குது," என்றேன்.

"கூடை இல்லாட்டி நாங்களும் மனுசங்கதான் தம்பி," என்று சொல்லிவிட்டு அக்கா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

சணல் பையை என் தலைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். சித்திரை வெயில்; பஸ் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடிய ஒரு பெரியவர், பார்த்தால் கல்லூரி வாத்தியார் மாதிரி. ஆள் கிடைத்தால் விடுவேனா? அவர் கேட்காமலேயே சமூக மாற்றத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மீனைக் கொடுக்காதே, மதிப்பைக் கூட்டு என்றேன். வாசனையை வென்றுவிட்டோம் சார் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

செம்மங்குப்பம் வந்தது. அந்தத் தடத்தில் போகிறவர்களுக்கு அங்கே கை தானாகவே மூக்குக்குப் போய்விடும். ரசாயனத் தொழிற்பேட்டை ஊர். அன்றைக்கு மூக்கைப் பொத்தியும் வாசனை உள்ளே வந்தது.

"இன்னிக்கு என்னா, கம்பெனிக்காரன் ஜாஸ்தியா வுட்டுட்டான்?" என்றார் முன் சீட்டுக்காரர்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேலே என் மெழுகுவத்தி ஒட்டு ஒவ்வொன்றாக வாய் பிளந்துகொண்டிருந்தது. "இவனுங்கள சும்மா வுடக்கூடாது சார். மனு குடுக்கணும்," என்றேன் நான், எல்லோரையும்விடச் சத்தமாக.

செம்மங்குப்பம் போனது. ஆலப்பாக்கமும் போனது. வாசனை மட்டும் டிக்கெட் எடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

"கம்பெனி பின்னால போயிடிச்சி, நாத்தம் கூடவே வருதே," என்றார் அதே முன் சீட்டுக்காரர். (ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவர்கள் எல்லாம் ஏன் என் பஸ்ஸிலேயே ஏறுகிறார்கள்?)

அப்போது வேகத்தடையில் பஸ் ஒரு குதி குதித்தது. மேலேயிருந்து சென்னாக்குன்னி பொழிந்தது. பொடிப்பொடியாகக் காய்ந்த இறால், வாத்தியாரின் வெள்ளைச் சட்டைமேல், தலைமேல், அவர் மடியில் இருந்த பேப்பர்மேல். அவர் ஒன்றை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். 'பொறுப்பேற்போம்' என்ற பச்சை எழுத்து பஸ்ஸுக்கே தெரிந்தது.

"யாருதுய்யா இது?"

நான் ஜன்னல் வழியாக ஒரு பனைமரத்தை உன்னிப்பாகக் கவனித்தேன்.

"சார், உங்க தலைக்கு மேலதான இருந்திச்சி. உங்களுதா?"

நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சியில் இந்தக் கட்டத்துக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

"என்னுது இல்ல சார்," என்றேன்.

கண்டக்டரின் கண் பஸ்ஸைச் சுற்றி வந்து அஞ்சலை அக்காமேல் நின்றது. அவருக்குப் பழகிய முகம். "ஏம்மா, நீ தேவனாம்பட்டினந்தான? உன் வேலையா இது?"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

"ஆமா. என்னுதுதான். குடு, எறங்கிக்கறேன்."

பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புதுச் சேலையோடு வெயிலில் இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதினார். நானும் எழுந்திருக்க வேண்டும் என்று மனசு சொன்னது. மனசு இறங்கியும்விட்டது. உடம்பு மட்டும் சிதம்பரம்வரை டிக்கெட் வைத்திருந்தது.

ரொம்ப தூரம் போன பிறகு வாத்தியார் மெதுவாகச் சொன்னார், "பையில போட்டிருந்த வாசகம் நல்லாருந்துது தம்பி."

காதர் பாயின் கடையில் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏதேதோ பேசினேன். வரைபடம் காட்டினேன். பாய் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி. சரக்கு எங்க?" என்றார்.

"வருது பாய். தனி வண்டியில வருது."

பதற்றத்தில் வந்த பொய். ஆனால் பத்தே நிமிஷத்தில் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார் அஞ்சலை அக்கா. இடுப்பில் சணல் பை.

அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல நான் பெயின்ட் டப்பாக்களின் விலையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எறக்கி வுட்டுட்டாங்க பாய். எங்களுக்கு இது புதுசு இல்ல."

"தம்பியும் அதே பஸ்லதான வந்தாரு? அவுரு எறங்கலயா?"

"அவுரு சிதம்பரத்துக்கு டிக்கெட்டு எடுத்திருந்தாரு," என்றார் அக்கா, ரொம்ப இயல்பாக.

பாய் என்னைப் பார்த்துவிட்டு, கிழிந்த பாக்கெட் ஒன்றை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "மலேசியாவுல எங்க வூட்டுக்காரங்க கருவாடு அனுப்புவாங்க. ரெண்டு நாளைக்கு சமைக்க மாட்டேன், பொட்டலத்த மோந்து மோந்து பாத்துக்கிட்டு இருப்பேன். இதுல போய் வாசனைய எடுக்கறேன்னு கெளம்பிட்டீங்களே தம்பி." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்னாம்மா வேணும்?"

"ஒரு வண்டி பாய்."

என் ஃபைலின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது. பின்னர் பரிசீலிக்கப்படும்.

வண்டி வந்தது. செகண்ட் ஹேண்ட் லோடு ஆட்டோ. பாய் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை, பெண்களும் பங்கு போட்டார்கள். காலையில் பதினாலு கூடையும் சிதம்பரம் போகும். திரும்பும்போது வாடகைக்குக் காய்கறி வரும், டீசல் செலவு அதிலேயே முடிந்துவிடும். அந்தத் திரும்பு லோடு யோசனை அஞ்சலை அக்காவுடையது. அவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. ரெண்டே வருஷத்தில் பக்கத்துக் குப்பத்துப் பெண்களும் சேர்ந்து இரண்டாவது வண்டி வாங்கினார்கள். வண்டியின் பின்னால் டிரஸ்ட் பெயர் போடலாம் என்று நான் இழுத்தேன். பெண்கள் கூடிப் பேசிப் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை எழுதினார்கள்: 'எங்களுது'.

எழுதி முடித்ததும் பதினாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கல்யாணத்துக்கும் அந்த வண்டியில்தான் வந்தார்கள். மேடை ஏறி, என் மனைவியின் காதில் அக்கா முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை மொய் வரிசை நின்றது. அன்றிலிருந்து வீட்டில் பால் பொங்கினாலும், டி.வி. ரிமோட் உடைந்தாலும், "யாருது வேலை?" என்று மனைவி கேட்பாள், நான் வாயைத் திறக்குமுன் அவளே, "தெரியும், உங்களுது இல்ல," என்பாள். இப்போது எட்டாவது படிக்கும் மகள், குறைந்த மார்க் வாங்கிய பேப்பரை என்னிடம் நீட்டும்போது, "என்னுது இல்ல சார்" என்கிறாள்.

அந்த மகள் பிறந்த அன்று கடலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "யாரும்மா இந்தக் கொழந்தையோட அப்பா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் அஞ்சலை அக்கா நின்றுகொண்டிருந்தார். கருவாட்டு வாசனையோடு சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னா தம்பி, இதையாச்சும் ஒத்துக்குவியா?"

"என்னுதுதாங்க்கா," என்றேன். வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். நர்ஸ் மூக்கைச் சுளித்து, "இங்க யாரு கருவாடு கொண்டாந்தது?" என்றார்.

அதுக்கும் சேர்த்துக் கையைத் தூக்கினேன்.