வெளுத்த மிளகாய்ச் செடிகளும் என் வீர உரையும்

வாசகரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக மட்டும் நில்லுங்கள். மேடைதோறும் எதிரணியை வாயடைக்கச் செய்த நான், மிளகாய்ச் செடியின் முன் வாயடைத்து நின்றதை ஒப்புக்கொள்கிறேன்.

முதுகலைத் தாவரவியலில் எனக்கும் ஆமத்தூர் முத்துச்செல்விக்கும் ஒரே ஆய்வு. ஒரு ஜீனின் வேலை என்னவென்று அறிய, அதன் வாயை அடைத்துவிட்டுச் செடியில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் முறை அது. வீரியம் குறைந்த வைரஸில் அந்த ஜீனின் துண்டொன்றை ஏற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் இலைக்குள் செலுத்த வேண்டும். செலுத்தியவள், நீரூற்றியவள், நாள்தோறும் குறிப்பெழுதியவள் அவள். பேசவிருந்தவன் நான். (உழைப்புப் பங்கீடு என்று அதற்குப் பெயரும் சூட்டியிருந்தேன்.) அவளுடைய மேற்படிப்பே இந்த மதிப்பெண்ணை நம்பி இருந்தது.

தேர்வு நாள் காலையில் பாதிச் செடிகளின் கொழுந்துகள் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கக் கண்டேன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. வெளுத்ததைக் கண்டால் கை தானாகப் பொறுக்கி எறியும். எறிந்தது. பச்சைச் செடிகளை மட்டும் அணிவகுக்க வைத்து முழங்கினேன்:

"காணுங்கள்! ஜீன் அடங்கிய பின்னும் தலைநிமிர்ந்து நிற்கும் இப்பசுமையை!"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீங்க அடக்குனது இலையோட நிறத்தைக் காக்குற ஜீன். அடங்கியிருந்தா இலை வெளுத்திருக்கணுமே?"

எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அக்கணமே விடைபெற்றது.

"ஏலே, வெள்ளைச் செடியெல்லாம் எங்கலே?" என்றாள் முத்துச்செல்வி.

"குப்பைக்குழியில... பொறுக்கிப் போட்டுட்டேன்."

"மூணு மாசப் பாடுலே! ஒப்பிட்டுப் பாக்க வச்ச சும்மாச் செடிக்கா இம்புட்டு அலங்காரம்? சார், கொஞ்சம் பொறுங்க!"

அவள் ஓடினாள், நானும் ஓடினேன். முழங்காலளவு குப்பையில் இறங்கி, வாடித் தொங்கிய ஆறு செடிகளையும் மீட்டேன். நல்லவேளை, வெளுப்பும் அவள் ஒவ்வொன்றிலும் கட்டியிருந்த அடையாளச் சீட்டும் அப்படியே இருந்தன. தேர்வாளர் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனி நீ சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்கு. நான் தேறியதே கருணை.

இன்றும் மண்டியில் நான் சற்று நீட்டிப் பேசினால் அப்பா சரக்குக்காரர்களிடம் சொல்வார்: "அந்தப் புள்ள வந்தா இவனுக்கும் ஒரு சிரிஞ்சு போடச் சொல்லணும். வாய் தன்னால அடங்கும்."

அன்று தேர்வறை வாசலில், சட்டையெல்லாம் குப்பை நாற, கையுயர்த்தி நான் தொடங்கினேன்: "இந்த மண்ணின் மீது ஆணையாக, இனி என் வாழ்நாளில்..."

"சுருக்கா சொல்லுலே" என்றாள் முத்துச்செல்வி.

"உன்னக் கேக்காம எதையும் பொறுக்கிப் போட மாட்டேன்."